ஆடியவர் ஆசானாதல்

மதுரை மாநகரைச் சூழ்ந்த சமவெளியிலே கோடை பிறந்து கண்மாய்கள் வற்றியவுடன், அவற்றின் நடுவே எங்கணும் ஒரு காட்சியைக் காணலாம். வெடித்த நிலத்தைச் செருப்பாலும் செங்கல்லாலும் எல்லை வகுத்து, ஊர்ச் சிறுவர் பந்தை உதைத்து ஓடுவர். வெறுங்காலோடு ஓடும் அவர்தம் வேகமும், விழுந்தெழும் ஊக்கமும், காண்போர் நெஞ்சைக் கவரத் தக்கன. ஆயினும், சற்று நேரம் நின்று நோக்குவார்க்கு ஒரு குறை புலனாகாமற் போகாது. பந்து எங்கே உளதோ அங்கே இருபதின்மரும் ஓடுவர். தனக்குரிய இடத்தில் நிற்பான் ஒருவனுமில்லை. 'நீ இங்கு நில். அவன் அங்கு வருவான். பந்தை அவனுக்கு முன்னே செலுத்து' என்று சொல்லுவாரும் இல்லை.

இவ்வூர்களிலேயே சிலம்பம் பயில விரும்பும் சிறுவன் முதலில் ஓர் ஆசானைத் தேடுகிறான். தட்சிணை வைத்து, வணங்கி, காலடி வைக்கும் முறை தொடங்கிப் பல திங்கள் பயின்ற பின்னரே கம்பு சுழற்றத் துணிகிறான். நாகசுரம் பயில்வோனும் அங்ஙனமே. ஆசானின்றி இக்கலைகள் வாரா என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கால்பந்தாட்டம் ஒன்றுமட்டும் தானே வந்துவிடும் என நாம் எண்ணுவது என்ன நியாயம்? நன்றாக ஆடத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் அதுவே போதும், கற்பிப்பதற்கென வேறொருவர் எதற்கு என்பது நம்மிற் பலருடைய கருத்து. கல்லூரிகளிலும் இக்கருத்தே நிலவுகிறது. இது தவறான கருத்தென்பதே நாம் ஈண்டுச் சொல்ல விழைவது. ஆடுதல் ஒரு கலை. ஆட்டுவித்தல் பிறிதொரு கலை. முன்னதிலே தேர்ந்தவர் பின்னதையும் அடிதொட்டுப் பயில வேண்டும். அங்ஙனம் பயின்ற ஒருவர் நம் இராஜதானியின் தலைநகருக்கே வந்து, இரண்டாண்டுக்கு மேல் தங்கி, வெற்றியும் தோல்வியும் கண்டு சென்றார். அவர் வரலாற்றை நம் மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

ஜான் கிரெகரி என்னும் அப்பெரியார் இங்கிலாந்து தேசத்தில் ஸ்கன்தோர்ப் என்னும் ஊரில் 1954ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் பிறந்தவர். நார்தாம்டன் நகரத்தின் சிறிய கோஷ்டியிலே 1972 முதல் ஆடத் தொடங்கினார். ஐந்தாண்டு உழைப்பின் பயனாக 1977இல் ஆஸ்டன் வில்லா என்னும் பெருங் கோஷ்டி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கு அவருக்கு நிலையான இடம் ஒன்றுமில்லை. இன்று தற்காப்பு வரிசை, நாளை நடு வரிசை, மறுநாள் முன் வரிசை என, எங்கே ஆள் குறைந்ததோ அங்கே நிறுத்தப்பட்டார். கோல் காப்போன் அணியும் முதல் எண் நீங்கலாக, 2 முதல் 11 வரையுள்ள எல்லா எண்களையும் அக்கோஷ்டிக்காக அணிந்து ஆடியவர் என்பது அவரைப்பற்றி வழங்கும் செய்தி. இதனைப் பெருமை என்பாரும் உளர்; ஓரிடத்திலும் நிலைபெறாத குறை என்பாரும் உளர். நாமோ அதனை ஒரு கல்வி என்போம். மைதானத்தின் பத்து மூலையிலும் நின்று பார்த்தவனுக்கே, மைதானம் முழுவதும் ஒரு படம்போல் உள்ளத்திற் பதியும்.

பின்னர்ப் பிரைட்டனில் இரண்டாண்டு ஆடி, 1981இல் இலண்டன் மாநகரிலுள்ள குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கோஷ்டியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, இரண்டாம் பிரிவிலே ஆடிக்கொண்டிருந்த அக்கோஷ்டி, இங்கிலாந்தின் மிகப் பழைய கோப்பையாகிய எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் பந்தயத்தை எட்டியது. டோட்டன்ஹாம் கோஷ்டியோடு முதல் நாள் 1-1 எனச் சமனாகி, மறு பந்தயத்தில் 0-1 எனத் தோற்றது. 1983இல் அக்கோஷ்டி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று முதற் பிரிவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டே, தம் 29ஆம் வயதில், அவர் இங்கிலாந்து தேசக் கோஷ்டிக்கு முதன்முறை தெரிந்தெடுக்கப்பட்டார். தேசத்துக்காக அவர் ஆடிய பந்தயங்கள் 6. பிறகு டார்பி கவுண்டி கோஷ்டி 1986, 1987 ஆகிய அடுத்தடுத்த ஈராண்டிலும் ஒவ்வொரு பிரிவாக மேலேறியபோது அதன் நடு வரிசையில் நின்றவரும் அவரே. மிகச் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் முதலில் வைத்தெண்ணப்படுபவரல்லர். ஆயினும், நன்கு தேர்ந்தவர் என்பதில் ஐயமின்று.

இத்தகையவர் ஆசானானபோது என்ன நேர்ந்தது? 1989இல் போர்ட்ஸ்மத் கோஷ்டியின் மானேஜராக அமர்ந்தார். ஓராண்டு நிறைவதற்குள் அப்பதவி கையைவிட்டுப் போயிற்று. தேசத்துக்காக ஆடியவர், பத்து எண்களை அணிந்தவர், கற்பிக்க முற்பட்ட முதல் ஆண்டிலேயே தோற்றார். நம் ஆட்டக்காரர் பலர் இந்நிலையில் என்ன செய்வர்? உலகத்தைக் குறைகூறி வீடு திரும்புவர். கிரெகரியோ மாணாக்கரானார். ஆஸ்டன் வில்லாவில் தம்மோடு ஒருகாலத்தில் உடன் ஆடிய பிரையன் லிட்டில் என்பவர் லெஸ்டர் கோஷ்டியின் தலைவராக இருந்தார். அவர் கீழ்த் துணைப் பயிற்சியாளராக அமர்ந்து, பின் அவரோடேயே வில்லாவுக்கும் சென்று, தொழிலை அடிப்படையிலிருந்து கற்றார். தோழன் முன்னே கைகட்டி நிற்க மனம் இசைதல் எளிதன்று. கல்வியின் பொருட்டுத் தாழ்வதைத் தாழ்வெனக் கருதாதவர்க்கே அது கைகூடும்.

1996இல் விகோம் என்னும் சிறிய கோஷ்டியைத் தாமே நடத்தத் தொடங்கினார். 1998 பிப்ரவரியில், பிரையன் லிட்டில் விலகிய இடத்துக்கு, ஆஸ்டன் வில்லா அவரையே அழைத்தது. 1998-99 ஆட்ட ஆண்டின் முற்பாதியில் அக்கோஷ்டி பிரீமியர் லீக் பட்டியலின் தலையிடத்தில் நின்றது. முடிவில் 6ஆம் இடத்துக்கு இறங்கியது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பழைய வெம்பிளி மைதானத்தில் நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதிப் பந்தயத்தில் செல்சி கோஷ்டியிடம் 0-1 எனத் தோற்றது. 2002 ஜனவரியில் அவர் அப்பதவியை விட்டு டார்பிக்குச் சென்றார்; டார்பியோ அவ்வாண்டே பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கியது. அதன்பின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், இஸ்ரவேல் தேசத்துக் கோஷ்டிகள், கஜகஸ்தானத்தின் கைரத், மீண்டும் இங்கிலாந்தின் கிராலி எனப் பல ஊர்களில் அவர் தொழில் நடந்தது. ஏறியதும் இறங்கியதும் மாறிமாறி வந்த வாழ்க்கை அது.

இவ்வளவும் கடந்து, 63ஆம் வயதில், 2017ஆம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்தார். 2014இல் தோன்றி 2015இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றிருந்த சென்னையின் எஃப்.சி. கோஷ்டி, 2016இல் தளர்ந்திருந்தது. அதனைச் சீர்படுத்துவது அவர் கடமையாயிற்று. அவ்வாண்டில் ஒரு புதிய விதியும் வந்தது. களத்தில் நிற்கும் பதினொருவரில் அயல்நாட்டார் ஐவருக்கு மேற்படலாகாது; ஆகவே, இந்தியர் அறுவரேனும் இருந்தாக வேண்டும். வெளிநாட்டு வீரரை வாங்கி வெற்றியை வாங்கிவிடலாம் என்னும் எண்ணத்துக்கு இவ்விதி ஓர் எல்லை வகுத்தது. இந்திய இளைஞரை ஆக்கிக்கொள்ளத் தெரிந்த ஆசானுக்கே இனி வெற்றி என்ற நிலை உண்டாயிற்று.

தொடக்கம் நன்றாக இல்லை. 2017 நவம்பரில் தன் சொந்த மைதானத்திலேயே கோவா கோஷ்டியிடம் 2-3 எனத் தோற்றது சென்னை. ஆயினும் ஆசான் கலங்கினாரல்லர். டேராடூனிலிருந்து வந்த அனிருத் தாபா என்னும் பத்தொன்பது வயது இளைஞனையும், மிசோரத்திலிருந்து வந்த ஜெர்ரி, ஜெஜெ ஆகியோரையும், வட சென்னையின் வியாசர்பாடியிற் பிறந்த தனபால் கணேஷையும் நம்பி நிறுத்தினார். லீக் சுற்றின் 18 பந்தயங்களில் 9 வெற்றி, 5 சமன், 4 தோல்வி எனச் சென்னை 32 புள்ளிகளோடு 2ஆம் இடம் பெற்றது. அரையிறுதியில், முதல் நாளில் தம்மை வென்ற அக்கோவாவையே எதிர்த்து, கோவாவில் 1-1 எனச் சமன் செய்து, சென்னையில் 3-0 என வென்றது. அம்மூன்றில் இரண்டு ஜெஜெ போட்டவை. ஒன்று கணேஷ் போட்டது. கப்பல் துறைமுகத்துக்கும் ரயில் பாதைக்கும் இடையே நெருங்கிய தெருக்களில் பந்துதைத்து வளர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன், இந்தியாவின் தலைசிறந்த பந்தயத்தில் கோல் போட்டான் என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு விம்முகிறது.

2018 மார்ச்சு 17ஆம் நாள் இறுதிப் பந்தயம் பெங்களூரில் நடந்தது. எதிரி, லீக் சுற்றில் 40 புள்ளிகளோடு முதலிடம் பெற்ற பெங்களூர்க் கோஷ்டி. மைதானமும் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. 9ஆம் நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். ஆயினும், 17ஆம் நிமிஷத்தில் மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி மைல்சன் ஆல்வெஸ் சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன் அதே முறையில், அதே மூலை உதையால், அவரே மீண்டும் ஒரு கோல் போட்டார். 67ஆம் நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைச் சேர்த்தார். பெங்களூர் இறுதியில் ஒன்று திருப்பிய போதிலும் 3-2 எனப் பட்டம் சென்னைக்கே வந்தது. மூலை உதையிற் கோல் விழுதல் அதிர்ஷ்டம் என்பர் சிலர். ஒரு முறை விழுந்தால் அதிர்ஷ்டமாகலாம். ஒரே பந்தயத்தில் ஒரே மனிதர் ஒரே முறையில் இருமுறை விழச் செய்தால், அது விடியற்காலையில் வெற்று மைதானத்திற் பலகாற் செய்து பழகிய பழக்கத்தின் பயனே. அப்பழக்கத்தை வற்புறுத்துபவரே ஆசான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் இதனை எழுதப் புகுந்திரோம். வெற்றியைப் புகழ நாட்டில் ஆளுண்டு. அடுத்த ஆண்டாகிய 2018-19இல், அதே ஆசானின் கீழ், அச்சென்னைக் கோஷ்டி 18 பந்தயங்களில் 2 வெற்றியும் 3 சமனும் 13 தோல்வியுமாக 9 புள்ளிகளே பெற்று, பத்துக் கோஷ்டிகளுள் பத்தாவதாக நின்றது. முடி சூடியவர் ஓராண்டிற் கடையிடத்துக்கு வந்தார். நடத்துவோர் அவரை உடனே விலக்கவில்லை. 2019இல் கொழும்புக் கோஷ்டியை வென்று ஏ.எஃப்.சி. கோப்பையின் தொகுதிச் சுற்றிலும் இடம் பெற்றது சென்னை. சூப்பர் கோப்பையின் இறுதிவரை சென்று கோவாவிடம் 1-2 எனத் தோற்றது. ஆயினும், அடுத்த லீகின் முதல் ஆறு பந்தயங்களில் ஒரு வெற்றியே கிட்ட, 2019 நவம்பர் இறுதியில் கிரெகரி பிரிந்து சென்றார். அவர் இடத்துக்கு வந்தவர் ஓவன் காயில். இவரும் ஸ்காட்லாந்திற் பிறந்து இங்கிலாந்துக் கோஷ்டிகளில் ஆடி, பின் அங்கேயே மானேஜராக இருந்தவர். பெரும்பாலும் அதே ஆட்டக்காரரைக் கொண்டே அவர் 2020 மார்ச்சில் இறுதிப் பந்தயத்தை எட்டினார். அங்கே கல்கத்தாக் கோஷ்டியிடம் 1-3 எனத் தோற்றார்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? 'ஆசானால் ஆவது ஒன்றுமில்லை. வென்ற ஆசானே தோற்றாரன்றோ?' என்பாருக்கு, கடைசிச் செய்தியே விடை கூறும். மாணாக்கர் அவர்களே, பந்தும் மைதானமும் அவையே, ஆசான் மாறியவுடன் ஆட்டம் மாறிற்று. ஆகவே, ஆட்டுவிப்போன் ஒரு பொருட்டே என்பது வெளிப்படை. மற்றோர் உண்மையும் உண்டு. ஆசானும் மனிதனே. ஓராண்டு பலித்த உபாயம் மறு ஆண்டு பலியாமற் போகலாம். எதிரிகள் அதனைக் கற்றுக்கொள்வர். தோல்வியில் கிரெகரிக்குப் பங்கில்லை என நாம் வாதாடோம். ஆனால், அத்தோல்வி 2018இல் அவர் கற்பித்ததைப் பொய்யாக்கிவிடாது. தாபா அதன்பின் இந்திய தேசக் கோஷ்டியில் நிலைபெற்றான். கோப்பை அலமாரியில் மங்கும், கற்பிக்கப்பட்டவன் ஆடிக்கொண்டேயிருப்பான்.

'இதெல்லாம் வெள்ளைக்காரருக்கும் பணக்காரக் கோஷ்டிகளுக்கும் உரியது, நமக்கெங்கே?' என்பாரும் உளர். அவர்க்கு இரண்டு சான்று காட்டுவோம். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் என்பார் பள்ளி உபாத்தியாயர். அவர் பயிற்றிய இந்தியக் கோஷ்டி 1951இல் டில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 4ஆம் இடம் பெற்றது. கரும்பலகையின் முன் நின்றவரே மைதானத்திலும் பேராசானாகத் திகழ்ந்தார். இரண்டாவது சான்று நம் வாசலிலேயே உளது. மதுரையை இருப்பிடமாகக் கொண்டு 2016இல் தோன்றிய சேது எஃப்.சி. என்னும் பெண்கள் கோஷ்டி, மூன்றாண்டிற்குள், 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீகின் இறுதிப் பந்தயத்தில் மணிப்பூர் போலீஸ் கோஷ்டியை 3-1 என வென்று பட்டம் பெற்றது. அதனைப் பயிற்றியவரும் அமிருதா அரவிந்த் என்னும் ஒரு பெண்மணியே. வைகைக்கரையின் பெயரை இந்தியா முழுதும் ஒலிக்கச் செய்த அவ்வெற்றியை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இனி, நம் கல்லூரிக்கு வருவோம். மிஷன் கல்லூரிகளிற் விளையாட்டு, பாடத்துக்குப் புறம்பான பொழுதுபோக்காக ஏற்பட்டதன்று. பவுல் அப்போஸ்தலரும் ஓட்டக்களத்தையே உவமையாக எடுத்தாண்டார். 1891இல் காச்மீரத்து ஸ்ரீநகரில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியராகிய டின்டேல் பிஸ்கோ, தோற்பந்தைத் தொட மறுத்த மாணவரை மைதானத்துக்கு அழைத்துச் சென்று ஆட வைத்தார். ஒழுக்கத்தையும் சகோதரத்துவத்தையும் அம்மைதானத்திலேயே கற்பிக்கலாமென அவர் நம்பினார். அந்நம்பிக்கையின் வழிவந்த நாம், இன்று செய்வது என்ன? பந்தய காலம் வந்ததும் இருப்பவரில் விரைந்தோடுவாரைச் சேர்க்கிறோம். வென்றால் படம் பிடித்து மாட்டுகிறோம், தோற்றால் மறக்கிறோம். மூன்றாண்டு கழிந்ததும் ஆட்டக்காரன் பட்டத்தோடு சென்று விடுகிறான். அவன் கற்றதும் அவனோடேயே சென்று விடுகிறது. அடுத்து வருபவன் மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்குகிறான்.

இதற்கு நாம் கருதும் மருந்து மூன்று. முதலாவது, கோப்பைக்கும் சட்டைக்கும் செலவாகும் பொருளில் ஒரு பகுதியைப் பயிற்சியாளர்க்கென ஒதுக்கி, ஒருவரை அமர்த்தினால் மூன்றாண்டேனும் அவரை நிலைக்கவிடல் வேண்டும். தகுதி அறிந்து தொழிலை ஒப்படைத்தலைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஒப்படைத்தபின் ஒவ்வொரு தோல்விக்கும் கணக்குக் கேட்டல் அவ்வறத்துக்கு மாறு.

இரண்டாவது, பழைய மாணவருள் ஆடித் தேர்ந்தவர் ஆசானாக முன்வருதல் வேண்டும். ஆடத் தெரியும் என்பது மட்டும் போதாது. கிரெகரி போர்ட்ஸ்மத்திற் கற்ற பாடம் அது. இந்தியக் கால்பந்துச் சங்கம் அடிநிலைச் சான்றிதழ் தொடங்கிப் படிப்படியாகப் பயிற்சியாளர்க்கு வகுப்பு ஏற்படுத்தியுள்ளது. உத்தியோகத்தில் இருப்போரும் விடுமுறையில் அடிநிலை வகுப்பைப் பயிலலாம். மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் வேலைபார்க்கும் நம் பழைய மாணவர் பதின்மர் அச்சான்றிதழ் பெற்று, ஞாயிறு மாலை ஒரு கண்மாயில் நின்றால், பத்து ஊர்ப் பிள்ளைகள் தம் இடத்தில் நிற்கக் கற்பர்.

மூன்றாவது, இன்று ஆடும் மாணவர்க்கு ஒரு சொல். உங்களுள் மிகச் சிலரே பெருங் கோஷ்டிகளில் ஆடுவீர். அதற்காக வருந்தற்க. ஓரிடத்தில் இருத்தி வைக்கப்படாமல் பல இடங்களில் நிறுத்தப்பட்டவனே நாளை நல்ல ஆசானாவான். பதினொருவருள் இடம் கிட்டாது வெளியே அமர்ந்திருப்பவன், உள்ளே ஓடுபவனைவிட ஆட்டத்தை நன்றாகப் பார்க்கிறான். பார்த்ததைக் குறித்து வையுங்கள், இளையவனுக்குச் சொல்லுங்கள்.

இக்கோடையிலும் கண்மாய்கள் வற்றும், சிறுவர் ஓடுவர். அவர்களை நோக்கி, 'நீ இங்கு நில்' என்று சொல்லும் ஒரு குரல் நம் கல்லூரியிலிருந்து எழுமாயின், அதுவே நாம் பெறும் கோப்பையிற் சிறந்த கோப்பையாகும்.